நாயைப் பார்த்துக்க ஆள் வேணுமே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரண் மேலிருந்து நீல நிற டிராலி பேக் இறங்கும். அது இறங்குவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அம்மா ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகப் புளிக்காய்ச்சல் கிளற ஆரம்பிப்பார். அக்கா சார்ஜரைத் தேடுவாள். அப்பா காருக்குக் காற்று அடித்துவிட்டு வருவார். தம்பி மட்டும் எதுவும் செய்யாமல் எல்லோருக்கும் குறுக்கே ஓடுவான். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனையும் அவசரமும் கலந்து அடிக்கும்.

நான் செருப்பு ஸ்டாண்டுக்கும் ஹாலுக்கும் நடையாய் நடப்பேன். ஒருமுறையாவது என் சங்கிலியை யாராவது ஆணியிலிருந்து எடுக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

அப்போதுதான் அந்த வசனம் வரும்.

"வரதாவைப் பார்த்துக்க ஆள் வேணுமே!"

எல்லோர் கண்ணும் பேப்பருக்குப் பின்னால் இருக்கும் தாத்தா பக்கம் திரும்பும். பேப்பரை இறக்காமலே தாத்தா சொல்வார்: "நான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

ஏலகிரி, பாண்டிச்சேரி, கொடைக்கானல்... ஊர்தான் மாறும். வசனமும் பதிலும் மாறாது. பல வருஷமாக இதே கதை.

வணக்கம். நான்தான் வரதா. வயது ஒன்பது. ஊர் பாலவாக்கம். ரகம் கேட்டால், சுத்தமான நாட்டு நாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் தமிழ்நாட்டு நாய்களுக்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். எனக்கு அந்த மாதிரிப் பெருமை எதுவும் இல்லை. நான் பாலவாக்கம் பீச்சின் தயாரிப்பு.

புயல் கொடுத்த பெயர்

2016 டிசம்பர் 12. சென்னைவாசிகளுக்கு அந்தத் தேதி மறக்காது. வர்தா புயல் கரையைக் கடந்த நாள். மரங்கள் சாய்ந்து, கம்பங்கள் வளைந்து, ஊரே இருட்டில் கிடந்தது. மறுநாள் காலையில் கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தாத்தாவும் பாட்டியும் பீச்சுக்குப் போனார்கள். கவிழ்ந்து கிடந்த ஃபைபர் படகுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. குனிந்து பார்த்தது பாட்டி. நனைந்த கைக்குட்டை அளவுக்கு அங்கே கிடந்தது நான்.

"வேண்டாம், யாரு பார்த்துப்பா?" என்றாராம் தாத்தா.

"நீங்கதான்" என்றாராம் பாட்டி.

புயலின் பெயரையே எனக்கும் வைத்தார்கள். 'வர்தா' என்று சொல்லத் தாத்தாவுக்கு நாக்கு வளையவில்லை. வரதா ஆக்கிவிட்டார். 2019-ல் பாட்டி போய்ச் சேர்ந்தார். பாட்டி சொன்ன 'நீங்கதான்' என்ற ஒற்றைச் சொல்லைத் தாத்தா இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

காலை ஐந்தரை மணி ஊர்

பாலவாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவில், ஈ.சி.ஆர். என்று எல்லோரும் சொல்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. வார இறுதியில் நகரத்துக்காரர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் ஊர் சுற்றப் போவார்கள். சனிக்கிழமை காலையில் ரோட்டின் இந்தப் பக்கம் நின்றால், கார் ஜன்னல் வழியாகக் காதுகள் பறக்கத் தலையை நீட்டிக்கொண்டு போகும் லாப்ரடார்களை நான் பார்ப்பேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் எங்களுக்கும் ஒரு பயணம் உண்டு. தினமும் காலை ஐந்தரை மணிக்குத் தாத்தாவும் நானும் பீச்சுக்கு நடப்போம். குப்பத்து ஆட்கள் படகைத் தள்ளுவார்கள். வலையை உதறும்போது நெத்திலி வாசனை வரும். தாத்தா சூரியனைப் பார்ப்பார். நான் நெத்தலியைப் பார்ப்பேன்.

ஜனவரியிலிருந்து சில மாதங்களுக்குத் தாத்தா என் சங்கிலியை அவிழ்க்கவே மாட்டார். காரணம் ஆமை. பங்குனி ஆமைகள் என்று சொல்லப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ராத்திரியில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரியெல்லாம் நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பவர்கள் எங்கள் கரை வழியாகத்தான் போவார்கள்.

ஏன் வேலி? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களால்தான். மணலை மோந்து, தோண்டி, முட்டையைத் தின்றுவிடுவோம். பொரிந்து வரும் குஞ்சுகளையும் விடமாட்டோம். ஒருமுறை எனக்கும் அந்த வாசனை வந்தது. முன்னங்கால் தானாகவே மணலைப் பறிக்க ஆரம்பித்தது. தாத்தா சங்கிலியை இழுத்தார்.

"கூடாது வரதா. அது வேற யாரோட குழந்தை."

பீச்சுக்கு நாயோடு வருகிறவர்களே, அந்த மாதங்களில் சங்கிலியை மட்டும் அவிழ்க்காதீர்கள். நாயான நானே சொல்கிறேன்.

ரெண்டு பேர் வீட்டில்

அவர்கள் ஊருக்குப் போனபின் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்கும். தாத்தா குக்கரில் அரை டம்ளர் அரிசி வைப்பார். எனக்கு முட்டை போட்ட சாதம், அவருக்குத் தயிர் சாதம். டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

மத்தியானம் போனில் டிங் டிங் என்று போட்டோக்கள் வரும். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளுவார். பிறகு போனை என் மூக்குக்கு நேராகக் காட்டுவார். "பாரு, ஏலகிரி. படகுல போறாங்க."

எனக்குப் போட்டோவில் வாசனை தெரியாது. ஆனாலும் அவருக்காகப் பார்ப்பேன்.

இத்தனை வருஷமும் என் மனசில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. இந்தத் தாத்தா என்னால்தானே எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்! நான் இல்லையென்றால் அவரும் அந்தப் படகில் இருந்திருப்பார்.

ஒருமுறை என்னை நாய்கள் தங்கும் விடுதி ஒன்றில் விட்டுவிட்டுத் தாத்தாவையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். பாட்டி போன அடுத்த வருஷம் அது. மூன்று நாள் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. விடுதியைக் குறை சொல்லமாட்டேன். கிண்ணம் நிறைய வைத்தார்கள், எனக்குத்தான் இறங்கவில்லை. திரும்பி வந்ததும் தாத்தா சொன்னார்: "இனிமே இவளை எங்கேயும் விட வேண்டாம். நான் இருந்துக்கறேன்."

அன்றிலிருந்துதான் அந்த வெள்ளிக்கிழமை வசனம் ஆரம்பித்தது.

அக்கா கேட்ட கேள்வி

போன மாசி மாதம். தம்பிக்கு ஸ்கூலில் பல்லவர்கள் பற்றி ஒரு புராஜெக்ட். மகாபலிபுரம் போக வேண்டும் என்றான். அக்கா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, நீங்க மகாபலிபுரம் பார்த்திருக்கீங்களா?"

"ம். கல்யாணமான புதுசுல பாட்டியோட போனேன். அப்போ இந்த ஈ.சி.ஆர். ஏது? பழைய மகாபலிபுரம் ரோட்டுல, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியா பஸ். ஐந்து ரதத்துக்கிட்ட பாட்டி செருப்பு அறுந்துபோச்சு. திரும்பி வர்ற வரைக்கும் என் செருப்பைப் போட்டுக்கிட்டா. நான் வெறுங்கால்."

"அப்புறம்?"

"அப்புறம் போகலை."

வீட்டிலிருந்து மகாபலிபுரம் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். அக்கா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "தாத்தாவையும் வரதாவையும் கூட்டிட்டுப் போலாம்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா தண்ணீரைக் குடித்தார்.

தாத்தா பேப்பரைத் தேடினார். அன்று பேப்பர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

வரதா லிஸ்ட்

மறுநாள் தாத்தா பழைய டைரியில் என் பெயரைத் தலைப்பாகப் போட்டு ஒரு லிஸ்ட் எழுதினார். டெலிபோன்ஸில் வேலை பார்த்து ரிட்டையரானவர், எதையும் நம்பர் போட்டுத்தான் எழுதுவார். உங்கள் வீட்டு நாயோடு கிளம்புகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

1. விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். (எங்களுக்கு உங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறோம்.)

2. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். வயிறு நிறைய இருந்தால் காரில் குமட்டும்.

3. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறக்கிவிட வேண்டும்.

4. வீட்டுத் தண்ணீர், வீட்டுக் கிண்ணம். கடல் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது.

5. வெயிலில் நடக்கவைப்பதற்கு முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கைக்குச் சுட்டால் அதன் காலுக்கும் சுடும்.

6. நிறுத்தின காரில் தனியாக விடவே கூடாது. ஐந்து நிமிஷம்கூட. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

7. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்கக் கூடாது.

8. வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சீட்டு, மாநகராட்சி லைசென்ஸ் காப்பி, கழுத்துப் பட்டையில் போன் நம்பர்.

9. கழிவை அள்ள பழைய பேப்பர், பை.

அம்மா அந்த லிஸ்ட்டை வாங்கிப் படித்தார். மூன்றாம் நம்பரில் நின்றார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"மாமா, இது வரதாவுக்கா, உங்களுக்கா?"

தாத்தா சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே டைம்டேபிள்தாம்மா."

அம்மா சிரிக்கவில்லை. லிஸ்ட்டில் பத்தாவதாகத் தன் கையெழுத்தில் எழுதினார்: 'மாமாவுக்குத் தொப்பி, முட்டி பெல்ட், பி.பி. மாத்திரை.'

மூக்கால் பார்த்த ஈ.சி.ஆர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகால். முன் சீட்டில் தாத்தா. பின் சீட்டில் அம்மா, அக்கா, தம்பி. அக்காவின் காலடியில் நான். மூக்கு மட்டும் ஜன்னலில்.

நீலாங்கரையில் டீக்கடைப் பால் வாசனை. ஈஞ்சம்பாக்கத்தில் ரோடு அகலப்படுத்துகிற வேலையின் புழுதி. உத்தண்டி டோல்கேட்டில் டீசல். அதைத் தாண்டியதும் காற்று மாறியது. முட்டுக்காடு வந்துவிட்டது என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. சேறும் உப்பும் மீனும் கலந்த கழிமுகத்து வாசனை அது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா பலகையைப் பார்த்ததும் தாத்தா பேச ஆரம்பித்தார். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிவைத்திருக்கும் இடம். 1996-ல் திறந்தார்கள்.

"அந்தக் காலத்து வீட்டுல திண்ணைன்னு ஒண்ணு இருக்கும்டா. திண்ணை மேல தாத்தா, திண்ணைக்குக் கீழ நாய். வெளியூர் போறவங்க எல்லாம் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவாங்க" என்றார் தம்பியிடம்.

பாலத்தைத் தாண்டி அப்பா வண்டியை ஓரம் கட்டினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே நிறுத்தினார். "வரதா இறங்கட்டும்" என்றார். நான் ஒரு பக்கம் போனேன். தாத்தா இன்னொரு பக்கம் போனார்.

கோவளம், திருவிடந்தை தாண்டியதும் வடநெம்மேலி. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கிய முதலைப் பண்ணை இங்கேதான் இருக்கிறது. "வரதா, உள்ளே போலாமா?" என்று தம்பி கேட்டான். ரோட்டிலிருந்தே அந்த வாசனை போதும் எனக்கு. அக்காவின் கால் நடுவில் தலையை வைத்துக்கொண்டேன்.

மகாபலிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகை இருக்கும் ஊர். 2004 சுனாமி மணலை அரித்த பிறகு அங்கே ஒரு கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதை வைத்துத் தோண்டியபோது, 2005-ல் மணலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. "கடல் மூடினதைக் கடலே திறந்து காட்டியிருக்கு" என்றார் தாத்தா. மணலைத் தோண்டினால் ஆமை முட்டை மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கோயிலும் கிடைக்குமாம்.

தவம் செய்கிற பூனை

மகாபலிபுரத்தில் முதலில் போனது அர்ச்சுனன் தபசு. பெரிய பாறை முழுக்கச் சிற்பம், ஏறத்தாழ 30 மீட்டர் நீளம். இதன் சௌகரியம் என்னவென்றால், ரோட்டில் நின்றே முழுசாகப் பார்க்கலாம். எனக்கும் தாத்தாவுக்கும் ஏற்ற இடம். படி ஏற வேண்டியதில்லை.

யானைகள், மான், குரங்கு, சிங்கம்... தம்பி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். "அய்யோ, பூனை!" என்று கத்தினான். எனக்கு முடி சிலிர்த்துக்கொண்டது. யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள்.

போலித் தவம் செய்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை அது என்று தாத்தா சொன்னார். பூனையைப் பற்றிப் பல்லவர்களுக்கே தெரிந்திருக்கிறது! நாய் இருக்கிறதா என்று அக்கா ரொம்ப நேரம் தேடினாள். எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ரதத்துக்கு வெளியே

ஐந்து ரதம் இருக்கும் இடத்துக்கு வரும்போது மணி ஏழரை. டிக்கெட் கவுன்ட்டரில் அப்பா கேட்டார். நாய்க்கு அனுமதி இல்லை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது என்பது தொல்லியல் துறையின் விதி.

வேலி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு முழு யானை நிற்கிறது. ஒரு சிங்கம் நிற்கிறது. ஒரு நந்தி படுத்திருக்கிறது. கல்லாக இருந்தால் விடுவார்கள் போல! அந்த நேரம் பார்த்து உள்ளூர் செவலை நாய் ஒன்று, யாரையும் கேட்காமல், வேலி இடுக்கு வழியாக நிதானமாக உள்ளே போயிற்று. டிக்கெட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. ஊர்க்காரன் திமிர்.

தாத்தா என் சங்கிலியை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார். நிழலாக ஒரு மரத்தடியைப் பார்த்து நடந்தார்.

"நாங்க இங்க இருக்கோம். நீங்க பார்த்துட்டு வாங்க."

அதே வசனம். 40 கிலோமீட்டர் வந்தும் அதே வசனம்.

அப்பா டிக்கெட் வாங்கப் போனவர் பாதியில் நின்றார். திரும்பி வந்தார். தாத்தாவின் கையிலிருந்து சங்கிலியை, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று மெதுவாக அவிழ்த்தார்.

"நீங்க போங்கப்பா. நான் இவளைப் பிடிச்சுக்கறேன்."

"மணல்ல நடக்கணும்டா. எனக்கு நேரமாகும். உங்களுக்கு லேட்டாகும்."

"ஆகட்டும்பா."

தாத்தா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அக்கா வந்து தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க தாத்தா. பாட்டி செருப்பு அறுந்த இடத்தைக் காட்டுங்க."

அவர்கள் உள்ளே போனார்கள். தொப்பி போட்ட தாத்தா நடுவில், அம்மாவும் அக்காவும் ரெண்டு பக்கம், தம்பி முன்னால்.

நானும் அப்பாவும் மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பாவோடு தனியாக உட்கார்ந்தது எனக்கு ஞாபகத்தில் இல்லை. அவர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"உனக்காக அவர் வீட்டுல இருந்தார்னு நினைச்சியா வரதா? ஏற்காடு போனப்ப உளுந்தூர்பேட்டைக்குள்ள நாலு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார். நாலாவது தடவை நான், 'இப்பத்தானேப்பா நிறுத்தினோம்?'னு கேட்டுட்டேன். கோபமாக்கூட இல்லை, சாதாரணமாத்தான் கேட்டேன். அதுக்கப்புறம் ஏற்காடு போய்ச் சேர்ற வரைக்கும் அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"திரும்பி வந்ததும், 'நாயைப் பார்த்துக்கறேன், நான் இருக்கேன்'னார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும், சரின்னுட்டேன். எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

அவர் கை என் காதுக்குப் பின்னால் வந்தது. அந்த இடத்தில் சொறிந்தால் எனக்குப் பிடிக்கும் என்பது தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இத்தனை வருஷம் என்னால்தான் தாத்தா போகவில்லை என்று நினைத்தேன். தாத்தா என்னைச் சாக்காக வைத்துக்கொண்டார். அவர்களும் என்னைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள். ஒரு நாயின் தலையில் எவ்வளவு கட்ட முடியும் பாருங்கள்.

தர்மருடைய நாய்

முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். தாத்தாவின் வேட்டியெல்லாம் மணல். முகம் சிவந்திருந்தது. முட்டி வலித்திருக்கும், நடையிலேயே தெரிந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"அஞ்சுலயும் பெருசு தர்மராஜ ரதம்தான். சின்னது திரௌபதி ரதம், குடிசை மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரே பாறையில செதுக்கினது. ஏழாம் நூற்றாண்டு. பாண்டவர்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, பேரு பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. ஆனாலும் பேரு பாருடா, தர்மராஜா!"

"அதுக்கென்ன தாத்தா?" என்றான் தம்பி.

"தர்மர் கடைசியில சொர்க்கத்துக்குப் போறப்ப ஒரு நாயும் கூடவே வந்துச்சு. வழியில தம்பிங்க எல்லாம் விழுந்துட்டாங்க, திரௌபதி விழுந்துட்டா. நாய் மட்டும் விடலை. வாசல்ல இந்திரன், 'நாய்க்கு அனுமதி இல்லை, நீங்க மட்டும் வாங்க'ன்னார். 'நம்பி வந்ததை விட்டுட்டு வரமாட்டேன்'னுட்டார் தர்மர்."

தம்பி டிக்கெட் கவுன்ட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்போ அந்த ரதம் வரதாவோடது!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அப்பாவும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரை என்னைத் தாத்தா பிடித்துக்கொண்டார். இது நல்ல ஏற்பாடாக இருக்கிறது. நாயோடு வருகிறவர்கள் இப்படி முறை போட்டுக்கொள்ளலாம். ஒருவரே எப்போதும் வெளியே உட்கார வேண்டியதில்லை.

மரத்தடியிலேயே இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டார்கள். எனக்குப் பொடி இல்லாத இட்லி. பத்தரைக்கெல்லாம் பாலவாக்கம் திரும்பிவிட்டோம். வரும் வழியில் மூன்று தடவை நிறுத்தினோம். யாரும் எண்ணவில்லை. நான் மட்டும்தான் எண்ணினேன்.

இப்போது

அதற்குப் பிறகு முட்டுக்காடு ஒரு சாயங்காலம் போனோம். கோவளம் ஒரு தடவை. எல்லா ஊருக்கும் எங்களால் போக முடிகிறது என்று நினைக்க வேண்டாம். போன மாதம் கொடைக்கானல் பேச்சு வந்தது. ரயிலில் என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயையோ, நான்கு பேர் கேபினையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில்தான் நான் போக வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் இடமில்லை. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

பிறகு தாத்தாவிடம் வந்து உட்கார்ந்தார். "அப்பா, கொடைக்கானல் வரீங்களா? வரதாவை விடுங்க, அதுக்கு ஏதாவது வழி பார்க்கலாம். நீங்க வரீங்களா, வரலையா?"

தாத்தா பேப்பரை இறக்கினார். "அந்தக் குளிரு எனக்கு ஆகாதுடா. நிஜமாத்தான் சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க."

அவர்கள் போய்வந்தார்கள். நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். அதே ஃபேன், அதே தயிர் சாதம். ஆனால் அந்த மூன்று நாளும் தாத்தா டி.வி.யைப் பார்த்தார்.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடி டிராலி பேக் இறங்கியது. பாண்டிச்சேரியாம், ஒரு ராத்திரி. நாய்க்கு இடம் உண்டா என்று அம்மா போன் போட்டுக் கேட்டு வைத்த தங்குமிடம். ஆனாலும் பழக்கதோஷம். புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டே, "வரதாவைப் பார்த்துக்க..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தாத்தா பேப்பரை மடித்துவைத்தார். என் தண்ணீர்க் கிண்ணத்தைத் துண்டால் துடைத்தார். தன் மஞ்சள் பையில் வேட்டிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் அதை வைத்தார்.

ஆணியிலிருந்து சங்கிலி இறங்கும் சத்தம் கேட்டது.